விஜய் ஐயரின் இறுவட்டுகளில் எதை முதலில் வாங்குவது?



சென்ற மாத ஞாயிறு மாலை உரையின் நடுவே, ஒரு சொல்லும் பேசாமல் சில நிமிடங்கள் பியானோ இசையை மட்டும் ஒலிக்கவிட்டேன். நிகழ்ச்சி முடிந்ததும் மூன்று தொலைபேசி அழைப்புகள் வந்தன. முதலாமவர் ஒலிபரப்பில் ஏதும் பழுதோ என்று கேட்டார். இரண்டாமவர் மரண அறிவித்தல் எத்தனை மணிக்கு என்று கேட்டார். மூன்றாவது அழைப்பு நீல்சன் வீதிப் பக்கத்தில் வசிக்கும் ஒரு தாய்.

"அண்ணை, இப்ப போட்டது ஒரு ஐயர் வாசிச்சது எண்டு சொன்னீங்கள். என்ரை மகனும் வீட்டில இப்பிடித்தான் தட்டுறான். எட்டாம் கிறேட் சோதினை வரைக்கும் ஒழுங்காப் போனவன், இப்ப ரீச்சரும் வேண்டாம், சோதினையும் வேண்டாம், ஜாஸ்தான் வேணும் எண்டு நிலக்கீழ் அறைக்குள்ள இருக்கிறான். தகப்பனுக்கும் அவனுக்கும் கதை இல்லை. பிறந்தநாளுக்கு நான் ஒரு சீடி வாங்கிக் குடுப்பம் எண்டு பாக்கிறன். எதை வாங்க?"

நான் அவசரப்பட்டுப் பதில் சொன்னேன். அது பிழையான பதில். அதன் பிறகு யோசித்துப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன். நான் இசைப் பண்டிதன் அல்ல. வணிகம் படித்துவிட்டு இங்கே வந்து, முப்பது வருடமாக மற்றவர்களின் கணக்கை எழுதுபவன். ஆனால் காசு கொடுத்து வாங்கிய ஒரு பொருள் எப்படி வீணாகிறது என்பது எங்கள் தொழிலில் தெரிந்த விஷயம். நல்ல பொருளைத் தவறான நேரத்தில் வாங்கினாலும் நட்டம்தான்.

முதலில் ஆளை அறிமுகப்படுத்துகிறேன். விஜய் ஐயர் 1971ஆம் ஆண்டு நியூ யோர்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில், தமிழ்நாட்டுப் பின்னணியுள்ள பெற்றோருக்குப் பிறந்தவர். மூன்று வயதில் வயலின் தொடங்கிப் பதினைந்து வருடம் மேலைத்தேய முறையில் கற்றவர். பியானோவோ பெரும்பாலும் காதால் கேட்டுத் தானாகப் பழகியது. யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் பௌதிகமும் படித்தார். பௌதிகத்தில் கலாநிதிப் பட்டம் பெறவென்று கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போனவர், இடையில் திசை மாறி, இசையை மனிதனின் உடலும் மூளையும் எப்படி உணர்கின்றன என்பதில் ஆய்வு செய்து 1998இல் கலாநிதியானார். 2013இல் மக்ஆர்தர் நிதியம் அவருக்குப் புலமைப்பரிசு கொடுத்தது. 2014 முதல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். நமது கனடாவிலும் பான்ஃப் கலை நிலையத்தின் ஜாஸ் பயிற்சிப் பட்டறையைச் சில வருடங்கள் நடத்தியிருக்கிறார்.

இதை வாசித்ததும் சில தகப்பன்மாருக்கு மனம் ஆறும் என்று எனக்குத் தெரியும். கணிதமும் பௌதிகமும் படித்த பிள்ளை, பேராசிரியரும் ஆகிவிட்டார் என்று. அந்த ஆறுதலுக்காக மட்டும் அவரைப் பிள்ளைக்கு உதாரணம் காட்டவேண்டாம். அவர் பௌதிகத்தை விட்டபோது பேராசிரியர் பதவி கண்ணில் தெரிந்திருக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. அவருடைய பெற்றோர் நம்மைப்போலப் பெட்டியும் படிவமுமாக அகதி விசாரணைக்குப் போய் நின்றவர்கள் அல்லர். படித்தவர்களுக்கு அமெரிக்கா கதவைத் திறந்துவிட்ட தலைமுறையைச் சேர்ந்தவர்கள். "எங்கட ஆள்" என்று நாம் மார்தட்டும்போது இந்த வேறுபாட்டையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது யார் இறுவட்டு வாங்குகிறார்கள், எல்லாம் கைத்தொலைபேசியில் வருகிறதே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் கைத்தொலைபேசியில் ஒரு உருப்படி முடிந்ததும் இயந்திரம் தன் விருப்பத்துக்கு வேறு யாரையோ கொண்டுவந்து விடுகிறது. ஒரு கலைஞர் எட்டுப் பத்து உருப்படிகளை ஒரு ஒழுங்கில் அடுக்கியிருக்கிறார் என்பதே பிள்ளைக்குத் தெரியாமல் போகிறது. கச்சேரியில் வர்ணம் எங்கே, தில்லானா எங்கே என்று இடம் இருப்பதுபோல இதிலும் உண்டு. என்னுடைய பழைய காரில் இறுவட்டுப் பெட்டி இன்னும் வேலை செய்கிறது என்பதும் ஒரு காரணம். ஒரு இறுவட்டின் விலை ஒரு குடும்பம் ஒரு இரவு கொத்துரொட்டி வாங்கும் செலவைத் தாண்டாது.

விஜய் ஐயரின் முதல் தொகுப்பு 1995இல் வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை தனித்தும் கூட்டாகவும் இருபதுக்கு மேல் வந்துவிட்டன. வெளிவந்த வருட ஒழுங்கில் வாங்கத் தொடங்கினால் நாலாவதற்கு முன்னரே களைத்துவிடுவீர்கள். கணக்கியலில் சரக்கை முதலில் வந்தது முதலில் போகும் என்று எழுதலாம், இசைக்கு அது சரிவராது.

அந்தத் தாய்க்கு நான் சொன்ன பிழையான பதில் 'தீர்த்தா'. 2011இல் வந்த இறுவட்டு. இதில் விஜய் ஐயருடன், கர்நாடக இசையைக் கிற்றாரில் வாசிக்கும் பிரசன்னாவும், தபேலாவுக்கு நிதின் மிற்றாவும் சேர்ந்திருக்கிறார்கள். தமிழர் வீடு, தமிழ்ப் பிள்ளை, ஆகவே கர்நாடக இசை கலந்தது என்று என் மனம் நேர்கோட்டில் ஓடியது. இரண்டு கிழமை கழித்து அந்தப் பையனே தொலைபேசி எடுத்தான். மரியாதையான பிள்ளை. "அங்கிள், நல்லாயிருக்கு. ஆனா அது எனக்கில்லை, உங்களுக்குத்தான்" என்றான்.

அவன் சொன்னது முழு உண்மை. எங்கள் வயதுக்காரர் அதைக் கேட்கும்போது, இது என்ன இராகம், எந்த இடத்தில் கமகம் விழுகிறது என்று தேடத் தொடங்கிவிடுகிறோம். தெரிந்ததைக் கண்டதும் தலையாட்டுகிறோம், பியானோ என்ன செய்கிறது என்பதைக் கவனிப்பதில்லை. அவனுக்கோ, அம்மா தன்னைத் திரும்பவும் சங்கீத வகுப்புக்குக் கூட்டிப்போகிறா என்ற எண்ணம். 'தீர்த்தா' அருமையான தொகுப்பு. ஆனால் அதை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வாங்குங்கள். அப்போதுதான் அந்த மூவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காமலும் முட்டிக்கொள்ளாமலும் வாசிப்பது காதில் விழும்.

முதலில் வாங்கவேண்டியது 2009இல் வந்த 'ஹிஸ்ரோறிசிற்றி' என்பதே எனது முடிவு.

இது மூவர் வாசித்தது. பியானோ விஜய் ஐயர், பேஸ் என்னும் பெரிய நரம்பு வாத்தியம் ஸ்ரெபான் கிறம்ப், ட்ரம்ஸ் மார்க்கஸ் கில்மோர். இந்த மார்க்கஸ், 2024இல் 99 வயதில் காலமான பெரும் ட்ரம்ஸ் மேதை றோய் ஹேய்ன்ஸின் பேரன். எங்களூரில் அளவெட்டி, இணுவில் என்று பரம்பரை சொல்வதுபோல அவர்களிடமும் பரம்பரை உண்டு.

இதில் ஒரு உருப்படியின் பெயர் 'கலாங்'. மாயா அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., பாடிப் பெயரெடுத்த பாட்டு அது. 1975இல் இலண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், யுத்தத்தினால் 1986இல் தாயுடன் அகதியாகத் திரும்பவும் இலண்டன் வந்த பிள்ளை. 2005இல் வந்த தன் முதல் தொகுப்புக்குத் தகப்பனின் இயக்கப் பெயரான 'அருளர்' என்பதையே வைத்தவர். அவருடைய பாட்டை, அமெரிக்காவில் பிறந்த இன்னொரு தமிழ்ப் பிள்ளை எடுத்து, சொற்கள் ஒன்றுமில்லாமல் பியானோவிலும் பேஸிலும் ட்ரம்ஸிலும் வாசித்திருக்கிறார். மூன்று நிமிடம்கூட இல்லை. பியானோவை அவர் அந்த இடத்தில் தட்டு வாத்தியமாகவே கையாளுகிறார். இடது கை ஒரே வட்டத்தைத் திரும்பத் திரும்பப் போட, ட்ரம்ஸ் அதைக் குறுக்கே வெட்டுகிறது. தவில் சமா கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இன்னொரு உருப்படி 'மிஸ்ரிக் புறூ'. இது றொனி பொஸ்ரர் என்ற கறுப்பின ஓர்கன் கலைஞர் 1972இல் வெளியிட்ட மெட்டு. 1993இல் 'ஏ ட்றைப் கோல்ட் குவெஸ்ற்' என்ற ஹிப்ஹொப் குழு இதில் ஒரு துண்டை எடுத்துத் தங்கள் பாட்டுக்கு அடித்தளமாக்கியது. ஆகவே உங்கள் பிள்ளைக்கு அது ஏற்கனவே தெரிந்திருக்கக்கூடும். விஜய் ஐயர் அதை எப்படி மாற்றினார் என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல ஆசைப்படுகிறேன், கணக்குக்காரனைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை. மூன்று மாத்திரையைக் குறிலாலும் நெடிலாலும் எத்தனை விதமாக நிரப்பலாம்? மூன்று குறில், குறில் நெடில், நெடில் குறில் என்று மூன்று விதம். நான்கு மாத்திரையை ஐந்து விதமாக நிரப்பலாம். ஐந்து மாத்திரையை எட்டு விதமாக. பிள்ளைகளோடு தாளில் எழுதிப் பாருங்கள். 3, 5, 8, 13, 21 என்று போகும். முன்னைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது. மேற்கில் இதைப் பிபொனாச்சி எண்கள் என்பார்கள். ஆனால் இந்தியாவின் யாப்பிலக்கணக்காரர் செய்யுளின் மாத்திரையை எண்ணும்போது அவருக்கு முன்னரே இதைக் கண்டிருந்தார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஹேமசந்திரர் எழுதி வைத்திருக்கிறார்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. 5ஐ 3ஆல் பிரித்தால் 1.67 வரும், 8ஐ 5ஆல் பிரித்தால் 1.6, 13ஐ 8ஆல் பிரித்தால் 1.625. எண்ணிக்கை மாறுகிறது, ஆனால் நீளத்துக்கும் குறுக்கத்துக்கும் உள்ள விகிதம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. தாளத்தை இப்படிப் பங்குபோட்டால், அடிகள் கூடிக் குறைந்தாலும் நடை ஒன்றே என்று காதுக்குப் படுகிறது. நொண்டுவதுபோல இருக்கும், ஆனால் விழாது. 'மிஸ்ரிக் புறூ'வை அமைக்கும்போது இந்த எண்களைத்தான் பயன்படுத்தியதாக விஜய் ஐயரே 2009இல் கார்டியன் பத்திரிகையில் எழுதினார். இதையெல்லாம் எண்ணிக்கொண்டு கேட்கவேண்டும் என்றில்லை. காலால் தாளம் போட்டுப் பாருங்கள், எங்கே தவறுகிறது என்று கால் சொல்லும்.

ஜாஸ் கேட்டுப் பழகாதவர்களுக்கு ஒரு குறிப்பு. பெரும்பாலும் முதலில் மெட்டைச் சொல்வார்கள், பிறகு அதன் மேல் கற்பனையாக வாசிப்பார்கள், கடைசியில் மெட்டுக்குத் திரும்புவார்கள். பல்லவியை எடுத்து விரித்துத் திரும்பப் பல்லவிக்கு வருவது போலத்தான். வித்தியாசம் என்னவென்றால், பக்கவாத்தியம் என்று இங்கே ஒருவரும் இல்லை. ஒருவர் விரிக்கும்போது மற்ற இருவரும் சும்மா தாளம் போட்டுக்கொண்டிருப்பதில்லை, அவர்களும் அந்தக் கதையிலேயே இருக்கிறார்கள். முதல் தடவை பியானோவை மட்டும் கேளுங்கள், இரண்டாம் தடவை பேஸை மட்டும்.

இரண்டாவதாக வாங்க 'சோலோ' நல்லது. 2010இல் வந்தது, பியானோ மட்டுமே. மைக்கல் ஜாக்சனின் 'ஹியூமன் நேச்சர்' பாட்டுடன் தொடங்குகிறது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த மெட்டு என்பதால் அதை எங்கே நீட்டுகிறார், எங்கே விட்டுவிடுகிறார் என்பது யாருக்கும் பிடிபடும். அதே தொகுப்பில் தெலோனியஸ் மங்க், டியூக் எலிங்ரன் ஆகியோரின் உருப்படிகளும் உண்டு. இதை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். விஜய் ஐயர் தமிழர் என்று நாம் பெருமைப்படலாம், ஆனால் அவர் கற்ற பள்ளிக்கூடம் அமெரிக்கக் கறுப்பின மக்களுடையது, அதை அவர் மேடைதோறும் சொல்பவர். 2000களில் மல்வேர்ன் என்றாலே பத்திரிகைகளில் துப்பாக்கிச் செய்திதான். அந்த நாட்களில் "கறுவல் பெடியளோட சேராதை" என்று பிள்ளைகளுக்குச் சொல்லாத வீடு எங்களில் எத்தனை? என் வீடும் சொன்னதுதான். அந்தப் பிள்ளைகளோ ஒரே பள்ளிக்கூட இசைக்குழுவில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தார்கள்.

மூன்றாவது இடத்துக்கு 2012இன் 'அக்செலராண்டோ' அல்லது முன்னே சொன்ன 'தீர்த்தா'. முதலாவது பிள்ளைக்கு, இரண்டாவது பெற்றோருக்கு என்று வைத்துக்கொள்ளலாம். 'அக்செலராண்டோ' அதே மூவரும் இன்னும் இறுக்கமாக வாசித்தது. இதிலும் 'ஹியூமன் நேச்சர்' வருகிறது. தனியாக வாசித்ததையும் மூவராக வாசித்ததையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் கேட்டால், நான் இங்கே அரைப் பக்கத்தில் சொல்வது பத்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

இனிச் சொல்லப்போகும் இரண்டும் எல்லோருக்கும் உரியவை அல்ல.

2003இல் மைக் லாட் என்ற கவிஞருடன் சேர்ந்து விஜய் ஐயர் 'இன் வட் லாங்குவேஜ்?' என்றொரு தொகுப்பைச் செய்தார். எந்த மொழியில்? என்று பொருள். 2001இல் ஈரானியத் திரைப்பட இயக்குநர் ஜாபர் பனாஹி, ஹொங்கொங்கிலிருந்து தென்னமெரிக்கா போகும் வழியில் நியூ யோர்க் விமான நிலையத்தில் தடுத்துவைக்கப்பட்டார். கைரேகை கொடுக்க மறுத்தவரை விலங்கிட்டு வைத்திருந்து, வந்த வழியே திருப்பி அனுப்பினார்கள். விமானத்தில் தன்னைப் பார்க்கும் பயணிகளிடம் தான் கள்ளன் அல்ல என்று சொல்ல விரும்பியதாகவும், அதை எந்த மொழியில் சொல்வதென்று தெரியவில்லை என்றும் அவர் பின்னர் எழுதினார். அந்தச் சொற்களிலிருந்துதான் தலைப்பு வந்தது. தொகுப்பு முழுவதும் விமான நிலையங்களில் எங்களைப்போன்ற நிறமுள்ளவர்களின் குரல்கள். பயணம் போவோர், அங்கே வேலை செய்வோர், தடுக்கப்பட்டோர். பாட்டு என்பதைவிடப் பேச்சு என்றே சொல்லவேண்டும், கீழே இசை ஓடுகிறது.

1995இல் நான் கனடா வரும் வழியில் ஒரு விமான நிலையத்தில் பதினொரு மணித்தியாலம் ஒரு வாங்கில் இருந்தேன். எந்த நாடு என்பது இங்கே வேண்டாம். ஒரு அதிகாரி என் பெட்டியிலிருந்த பட்டச் சான்றிதழை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு மேசையில் போட்டார். எனக்கு ஆங்கிலம் வரும். அன்று ஒரு வசனமும் வரவில்லை. இந்த இறுவட்டை முதன்முறை வீட்டில் போட்டபோது நாலாவது உருப்படியோடு நிறுத்திவிட்டேன். மிச்சத்தைக் கேட்க ஒரு மாதம் ஆயிற்று. என் மகள் அதைக் கேட்ட பிறகுதான் "அப்பா, உங்களுக்கும் இப்பிடி நடந்ததா?" என்று கேட்டாள். இருபது வருடமாக நான் சொல்லாத கதை அது. ஆகவே இதை வாங்கினால் காரில் போகும்போது போடவேண்டாம். வீட்டில், இருந்து கேளுங்கள்.

2013இல் வந்த 'ஹோல்டிங் இற் டவுன்' அதைவிடக் கனமானது. ஈராக், ஆப்கானிஸ்தான் யுத்தங்களுக்குப் போய்வந்த, வெள்ளையர் அல்லாத அமெரிக்கப் படையினர் இரவில் காணும் கனவுகளை வைத்துச் செய்தது. அவர்களில் இருவர், மொரிஸ் டிகோல், லின் ஹில், தங்கள் வரிகளையே தருகிறார்கள். ஆளில்லா விமானத்தை இங்கிருந்து இயக்கியவர் லின் ஹில். நாங்கள் குண்டுக்குக் கீழே பங்கருக்குள் இருந்தவர்கள், இதைக் கேட்டு ஏன் இரங்கவேண்டும் என்று எனக்குக் கோபம் வந்தது. இரண்டாம் முறை கேட்டபோதும் அந்தக் கோபம் முழுவதும் போகவில்லை. ஆனாலும் திரும்ப எடுத்துக் கேட்கிறேன். 2009இல் வன்னியிலிருந்து வந்தவர்கள் இருக்கும் வீட்டில் இதைச் சத்தமாகப் போடாதீர்கள். முதலில் வாங்கும் பட்டியலில் இது இல்லவே இல்லை.

2014க்குப் பின் பெரும்பாலும் ஜெர்மனியின் ஈ.சி.எம். நிறுவனத்துக்காகப் பதிவு செய்கிறார். அவற்றில் 2015இன் 'பிறேக் ஸ்ரவ்' அந்தப் பழைய மூவரின் முதிர்ந்த வாசிப்பு. 2021இன் 'அன்ஈசி'யும் 2024இன் 'கொம்பஷன்'னும் புதிய மூவர், பேஸில் லின்டா மே ஹான் ஓ, ட்ரம்ஸில் டைஷோன் சோரி. இரண்டில் ஒன்றென்றால் 'அன்ஈசி'. மிச்சிகனின் ஃபிளின்ற் நகரில் நஞ்சான தண்ணீரைக் குடித்த பிள்ளைகளுக்கான உருப்படி அதில்தான் இருக்கிறது. 'மியூற்றேஷன்ஸ்' நரம்பு வாத்தியங்களுக்காக எழுதியது, அதை நூலகத்தில் இரவல் எடுத்துப் பாருங்கள், பிடித்தால் பிறகு வாங்கலாம். பாட்டுக் குரல் இல்லாமல் எதையும் கேட்கமாட்டேன் என்பவர்களுக்கு 2023இன் 'லவ் இன் எக்ஸைல்' இருக்கிறது. பாகிஸ்தானியப் பின்னணியுள்ள அருஜ் அஃப்ராப் உருதுவில் பாடுகிறார். மெதுவானது, இரவுக்கு உகந்தது. சொல் விளங்காமலே என் மனைவிக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

விஜய் ஐயருக்கு முன்னர் ஜாஸ் பியானோவே கேட்டிராத பெரியவர்கள், ஒஸ்கார் பீற்றர்சனின் 'நைற் ட்ரெயின்' ஒன்றைக் கேட்டுவிட்டு வருவது நல்லது. 1925இல் மொன்றியலில் பிறந்து, 2007இல் மிசிசாகாவில் காலமானவர். கரீபியன் தீவுகளிலிருந்து வந்த குடும்பம், தகப்பன் கனேடியப் பசுபிக் ரயிலில் பயணிகளின் பெட்டி தூக்கியவர். அறுபது வருடத்துக்கு முந்திய பதிவு, இன்றும் காலைத் தட்டவைக்கும்.

கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோனை 'டூயட்' படத்திலிருந்து தெரிந்தவர்கள், விஜய் ஐயரின் நீண்டகாலத் தோழர் ருத்ரேஷ் மகந்தப்பா அவரோடு சேர்ந்து 2008இல் செய்த 'கின்ஸ்மென்' இறுவட்டையும் தேடலாம். அதில் விஜய் ஐயர் இல்லை. அதனால் கணக்கில் சேர்க்கவில்லை.

வாங்குவதற்கு முன் மல்வேர்ன் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். அங்கே இல்லாவிட்டாலும் ரொறன்ரோவின் வேறு கிளையில் இருந்தால், பதிந்துவைக்க இங்கே கொண்டுவந்து தருவார்கள்.

அந்தப் பையனுக்கு என் 'ஹிஸ்ரோறிசிற்றி'யை இரவலாகக் கொடுத்தனுப்பினேன். அடுத்த ஞாயிறு தாய் தொலைபேசியில் வந்தா. "அண்ணை, இது அருளரின்ரை மகளின்ரை பாட்டோ? மேல இருந்த மனுசன் கீழ இறங்கி வந்து அதைத்தான் கேட்டவர். பெடியன் சொல்லிக் குடுத்தவன்." அதற்கு மேல் என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. பையன் ஜாஸ்தான் படிக்கப்போகிறானா என்பதும் இன்னும் முடிவாகவில்லையாம்.

இறுவட்டு இன்னும் திரும்பி வரவில்லை. அவசரமில்லை, நிலையத்தின் முன்மேசையில் கொடுத்துவிட்டால் போதும்.